ரங்கூன் வழியாகக் கசிம்பாவுக்கு

2002 டிசம்பர் 8, ஞாயிறு. கொல்கத்தாவிலிருந்து வந்த விமானம் ரங்கூனில் இறங்கியபோது பிற்பகல் மணி 3.10. என் கடிகாரம் 2.10 காட்டியது. அதை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிட்டுத்தான் இருக்கையிலிருந்து எழுந்தேன். சோதனைகள் முடிய ஐம்பது நிமிடம் ஆயிற்று. வெளியே குடைக்கடை காதர் மைதீன் காத்திருந்தார்.

காதருக்கு ஐம்பத்தெட்டு வயது. தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து பாட்டனார் காலத்தில் வந்து கடை வைத்த குடும்பம். மூன்று ஆண்டுகளுக்கு முன் கண்புரை அறுவைக்காகச் சென்னை வந்தவர், நண்பர் ஒருவர் சொன்னதன்பேரில் எங்கள் வீட்டு மாடியில் இருபத்தொரு நாள் தங்கினார். "நீங்க ஒரு தடவை ரங்கூன் வரணும் சார். வரலேன்னா இந்தக் கண்ணைத் திருப்பி அனுப்பிச்சுருவேன்" என்று அன்று முதல் கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

நகரத்துக்குப் பத்து மைல். டாக்சி 2000 கியாட். அப்போது ஒரு டாலருக்கு ஆயிரம் கியாட் அளவில் கிடைத்தது. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன, ஆனால் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமானால் ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த காதர் எட்டிப் பார்த்து "யா டே, யா டே" என்று சொல்லச் சொல்ல, ஓட்டுநர் தாண்டினார். 'யா டே' என்றால் 'பரவாயில்லை, போகலாம்' என்று பொருள். கண் அறுவை செய்துகொண்டவர் சொல்ல, கண் நன்றாக இருப்பவர் ஓட்டினார். 35 நிமிடத்தில் காதர் குடியிருக்கும் கியாக்டடா பகுதிக்கு வந்து சேர்ந்தோம்.

காதர் வீடு மூன்றாவது மாடியில். ஐம்பத்து நான்கு படிகள். தெருவின் இரு பக்கமும் எல்லா மாடிகளிலிருந்தும் கயிறுகள் தொங்குகின்றன. கீழ் நுனியில் ஒரு கவ்வி, மேல் நுனியில் ஒரு சிறு மணி. செய்தித்தாள்காரர் கவ்வியில் தாளைச் செருகிக் கயிற்றை இழுப்பார். மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர் படி இறங்காமலே தாளை மேலே இழுத்துக்கொள்வார். மாலை ஐந்தரைக்கு மின்சாரம் போய்விட்டது. வெளிச்சம் குறையக் குறையத் தெரு முழுக்க மணிகள் மட்டும் கேட்டன. ஆடுகள் மலையிறங்கி வருவதுபோல இருந்தது.

டிசம்பர் 9, திங்கள். காலை 7.15. நோன்புப் பெருநாள் முடிந்து சில நாட்களே ஆகியிருந்ததால் வீட்டில் இன்னும் பலகாரம் இருந்தது. அதையும் தேநீரையும் முடித்த பிறகு காதர் தொண்டையைச் செருமினார்.

"சார், ஒரு சின்ன ஒத்தாசை. ரெண்டு நாடு இல்லேன்னு எழுதிக் குடுக்கணும்."

"எந்த இரண்டு நாடு?"

"அதான் இல்லேங்கிறேன்ல. இல்லாத நாட்டை எந்த நாடுன்னு கேட்டா நான் எங்க போவேன்?"

கீழே, குடைக்கடைக்குப் பக்கத்தில், வாடகைப் புத்தகக் கடை. ஒரு புத்தகம் ஒரு நாளைக்கு 30 கியாட். கடையை நடத்துபவர் மீனாட்சி, நாற்பத்தொன்பது வயது. வாடிக்கையாளருக்கு அவர் டோ மியா மியா; 'டோ' பெண்களுக்கு மரியாதையாகச் சேர்க்கும் சொல். துறைமுக வேலைக்கு வந்த தமிழர்களின் பேத்தி. பர்மிய மொழியில் ஐந்து நாவல் எழுதி அச்சிட்டிருக்கிறார். ஆறாவது நாவல் எட்டு மாதமாக அனுமதி கிடைக்காமல் நிற்கிறது. அச்சிடுவதற்குமுன் எல்லாப் புத்தகத்தையும் ஓர் அலுவலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது இங்கே விதி. நாவலில் கசிம்பா, ஒராந்தே என்று இரண்டு ஆப்பிரிக்க நாடுகள் எல்லைக்காகச் சண்டையிடுகின்றன. அவை நிஜ நாடுகளாக இருந்து, நட்பு நாடுகளாகவும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அலுவலகம் கேட்கிறது.

"இல்லாத நாடுன்னு நானே சொன்னேன் சயா" என்றார் மீனாட்சி. சயா என்பது இங்கே ஆசிரியருக்கும் படித்தவருக்கும் சொல்லும் மரியாதைச் சொல். "எழுதினவ பேச்சை எடுத்துக்க மாட்டாகளாம். தேசப்படம் தெரிஞ்ச ஆளு கையெழுத்து வேணுமாம்."

"சார் இருபத்தெட்டு வருசமா நில அளவை ஆபீஸ்ல படம் வரையுறாரு" என்றார் காதர். "இந்தியாவே அவரு வரைஞ்சதுதான்."

"மூன்று தாலுகா" என்று திருத்தினேன்.

படிவத்தில் மூன்று வாக்கியங்கள் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. அருகில் ஆங்கிலமும் இருந்தது. ஒன்று, இந்த நாடுகள் உலகில் இல்லை. இரண்டு, கதை மாந்தர் யாரும் உண்மை மனிதர் அல்லர். மூன்று, இணைத்துள்ள வரைபடம் உண்மையான எந்த நிலத்தையும் ஒத்ததல்ல. பார்க்காத ஒன்றுக்குக் கையெழுத்திடும் வழக்கம் எனக்கில்லை. கதையைச் சொல்லுங்கள், படத்தை இரண்டு நாள் கொடுங்கள் என்றேன். எனக்குப் பர்மியம் வாசிக்கத் தெரியாது. மீனாட்சிக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது, பேசுவார். ஆகவே நான் கசிம்பாவுக்குக் காது வழியாகத்தான் போனேன்.

கதை இது. இரு நாட்டுக்கும் எல்லை மெலூ என்னும் ஆறு. கசிம்பாவின் கரையில், ஒரு பப்பரப்புளி மரத்தடியில், உப்புச் சந்தை கூடும். ஒரு மழைக்காலத்தில் ஆறு தடம் மாறியது. விடிந்து பார்த்தால் சந்தையும் மரமும் ஒராந்தேயில் இருந்தன. நாங்கள் நகரவில்லை, ஆறுதான் நகர்ந்தது என்கிறது கசிம்பா. ஆறு இருக்கும் இடம்தான் எல்லை என்கிறது ஒராந்தே.

"சண்டை வெயில் காலத்துலதான் சயா. மழை விழுந்துச்சுன்னா ரெண்டு பக்கத்துச் சிப்பாயும் துப்பாக்கிய எண்ணெய்த்துணில சுத்தி வச்சிட்டுக் கம்பு விதைக்க ஊருக்குப் போயிருவாக. அறுப்பு முடிஞ்சு திரும்ப வருவாக."

"விட்ட இடத்திலிருந்தா தொடங்குவார்கள்?"

"விட்ட எடத்துலருந்துதான். மறந்துறக் கூடாதுன்னு ஒரு கல்லை வச்சிட்டுப் போவாக."

"எங்க வீட்டுச் சண்டை மாதிரி" என்றார் காதர்.

பதினொரு வெயில் காலம் இப்படிப் போகிறது. ஆற்றோர ஊரில் ஒசேமி என்று ஒரு தபால் குமாஸ்தா. அக்கரைக்குப் போக வேண்டிய கடிதங்கள் அவனிடம் குவிகின்றன. கடைசியில் ஒரு விடிகாலை, ஆறு வளையும் இடத்தில், பையோடு முதல் படகில் ஏறுகிறான். மீனாட்சி இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கடைக்கு வந்த ஒருவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கப் போனார். திரும்பி வந்து வேறு அத்தியாயம் சொன்னார்.

அவருடைய தந்தை கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். ஆப்பிரிக்கத் துறைமுகங்களைப் பற்றி அவர் சொன்னதைத் தவிர மீனாட்சிக்கு அந்தக் கண்டத்தைப் பற்றி வேறொன்றும் தெரியாது. ஆனால் கசிம்பாவின் புழுதி என் தொண்டையில் படிந்தது. மாலையில் மாடியேறும்போது படிகளை எண்ண மறந்துவிட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய். காலை 9.40. வரைபடத்தைக் காதர் வீட்டு ஜன்னலோரம் விரித்தேன். 22 அங்குலத்துக்கு 17 அங்குலம். கறுப்பு மை, கட்டைப் பேனா. பழக்கமில்லாத கை, ஆனால் பொறுமையான கை. ஓர் அங்குலத்துக்கு எட்டு மைல் என்று மீனாட்சி அளவும் போட்டிருந்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால் தாளைக் கால் வட்டம் திருப்பினேன்.

திருப்பியதும் மெலூ ஆறு ரங்கூன் ஆறாகிவிட்டது.

முதல் நாள் தெருவில் 800 கியாட்டுக்கு வாங்கிய நகரப் படத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். ஐயமில்லை. வடக்கிலிருந்து இறங்கி, க்யிம்யிண்டைங்கைத் தாண்டிக் கிழக்கே திரும்பும் வளைவு. போட்டாதாங்குக்கு அப்பால் வந்து சேரும் ஓடை. எதிர்க்கரையில் டாலா. உப்புச் சந்தை க்யிம்யிண்டைங் சந்தை நிற்கும் இடத்தில் இருந்தது. ஒராந்தேயின் பீரங்கிகள் போட்டாதாங் படகுத்துறையில் நின்றன. மேற்கை மேலே வைத்து வரைந்திருந்ததால் எட்டு மாதமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. யாராவது தாளைத் திருப்பினால் போதும்.

கீழே போய்க் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, தாளைத் திருப்பி மேசைமேல் வைத்தேன். மீனாட்சி அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சு போச்சா."

"மூன்றாவது வாக்கியத்தில் கையெழுத்திட முடியாது. உங்களுக்கும் நல்லதில்லை."

"வேற ஆறு எனக்குத் தெரியாதே சயா. பொறந்ததுலருந்து இது ஒண்ணுதானே பாத்திருக்கேன்."

"என்னிடம் டிரேசிங் தாளும் 2H பென்சிலும் இருக்கின்றன" என்றேன். "ஆற்றை நகர்த்திவிடலாம்."

டிசம்பர் 11, 12. இந்த இரண்டு நாட்களின் நேரக் குறிப்பு என்னிடம் சரியாக இல்லை. படத்தில் ஆற்றை ஓர் அங்குலம் நகர்த்தினால் கதையில் எட்டு மைல் நகர்கிறது. சண்டை நடந்த இடத்தில் தண்ணீர் இல்லாமல் போகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எந்தப் படை எங்கே நின்றது என்று தெரிய வேண்டும். மீனாட்சிக்கு அது நேரில் போனால்தான் சொல்ல வரும். காதர் கடையைப் பூட்டிவிட்டு மூன்று குடைகளோடு வந்தார். மழைக்காலம் முடிந்திருந்தது. வெயிலுக்கு என்றார்.

கரையோரச் சாலையில் பனி விலகாத நேரம். ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் முன்னால் கசிம்பாவின் மூன்றாம் படை தோற்றது. அங்கே ஒருவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தோல்வியை வடக்கே பதினாறு மைல் தள்ளி ஒரு மேட்டுக்கு மாற்றினேன். போட்டாதாங் துறையில் மூட்டை தூக்குபவர்கள் பலகை வழியாக ஒருவர்பின் ஒருவராகக் கப்பலேறினார்கள். "இவுகதான் ஒராந்தே" என்றார் மீனாட்சி மெல்லிய குரலில். அரிசி மூட்டை சுமந்த ஒராந்தேக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். துறையை அழித்து, அங்கே ஓர் ஏரி வரைந்தேன். தண்ணீருக்குமேல் குளிர்காலக் கடற்காக்கைகள் வட்டமிட்டன. அந்த ஏரிக்கும் அவை வரும் என்று தோன்றியது.

தேநீர்க் கடையில் உட்கார்ந்து (தேநீர் 80 கியாட், மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் 150) அவர் பர்மியத்தில் வரிகளைத் திருத்த, நான் படத்தைத் திருத்தினேன். பக்கத்து முக்காலிக்காரர்கள் பேசுவது கேட்கிறதா, கசிம்பாவின் ஒற்றர்கள் பேசுவது கேட்கிறதா என்று தெரியாத ஒரு நிலை. காய்ச்சல் அல்ல, தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"சார், நம்ம குடைக்கடை எந்த நாட்டுல இருந்துச்சு?" என்று காதர் கேட்டார்.

"கசிம்பாவுல, காதர் நானா" என்றார் மீனாட்சி. "நாலாம் அத்தியாயத்துல குண்டு விழுந்துருச்சு."

"அல்லா! அடுத்த கடையிலயா நின்னு எழுதுன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சரக்கையாவது எடுத்திருப்பேன்ல."

12ஆம் தேதி மாலை 4.20க்கு ஒரே ஒரு வளைவு மீதி இருந்தது. படத்தை நேராக வைத்தால் இடப்பக்கம் மேலே, முக்கால் அங்குலம். பென்சிலை வைத்தேன். மீனாட்சி என் மணிக்கட்டைப் பிடித்தார், உடனே விட்டுவிட்டார்.

"அது இருக்கட்டும் சயா."

"எல்லாவற்றிலும் தெளிவாகத் தெரிவது இதுதான்."

"அதனாலதான்."

பிறகு சொன்னார். அவருக்கு ஒரு தம்பி, செல்வம். தபால் பிரிக்கும் வேலை. ஒரு நாள் விடிகாலை ஐந்தரைக்கு டாலா போகும் முதல் படகில் ஒரு பையோடு ஏறினான். படகு வளைவுப் பக்கம் ஒதுங்கி, நீரோட்டத்துக்கு வழிவிட்டுக் கடக்கும். அதுவரை இவர் கரையில் நின்றிருந்தார்.

"ராத்திரிக்கு வந்துருவேன்க்கா, எனக்குச் சோறு வைக்காதேன்னான். பதினாலு வருசமாச்சு."

பதினான்கைக் கழித்துப் பார்த்தேன். 1988. மக்கள் கிளர்ச்சியைப் பட்டாளம் சுட்டு அடக்கிய ஆண்டு. இந்த ஊரில் அந்த ஆண்டைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. காதர் மூன்று குடைகளையும் மடியில் வைத்துக்கொண்டு தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்.

"எந்த மூலைக்குப் போனாலும் ஒரு வாடகைப் புஸ்தகக் கடை இருக்கும் சயா. அவன் படிக்காம இருக்க மாட்டான். மீன் சுத்தின தாளைக்கூட ஈரத்தோட விரிச்சுப் படிப்பான். வேற பேருல எழுதுறேன், நான்னு அவனுக்குத் தெரியாது. அந்த வளைவையும் மொதப் படகையும் பாத்தா தெரியும். தெரிஞ்சா ஒரு வரி எழுதிப் போடுவான்ல?"

"கதையில் ஒசேமி திரும்பி வருகிறானா?"

"கடைசி அத்தியாயம் இன்னும் அதுலதான் நிக்குது. ராத்திரிப் படகுல வர்ற மாதிரி ஒண்ணு எழுதியிருக்கேன். வராத மாதிரி ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். ஆபீஸுக்குக் குடுத்தது வர்ற மாதிரி எழுதினதுதான்."

ஏரியும் மேடும் புதிதாக வந்தபின் மெலூ உலகின் எந்த ஆற்றையும் ஒத்ததல்ல, அந்த முக்கால் அங்குலத்தைத் தவிர. அதையும் நேர்க்கோடாக்க எனக்குப் பத்து விநாடி போதும். பென்சிலைக் கூட்டுக்குள் வைத்து மூடினேன். அன்றிரவு படத்தை மையில் வரைந்து முடித்தேன். முதல் வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்திட்டேன். இரண்டாவதன் கீழே இட்டேன். மூன்றாவதன் கீழே இட்டபோது, என் கையெழுத்து மற்ற இரண்டையும்விடத் தெளிவாக விழுந்திருந்தது.

டிசம்பர் 13 முதல் 17 வரை. வெள்ளிக்கிழமை படிவமும் படமும் திருத்திய பக்கங்களும் அலுவலகத்துக்குப் போயின. காத்திருந்த நாட்களில் நான் பயணிகள் பார்க்கும் இடங்களைப் பார்த்தேன். ஒரு டாலர் கட்டணத்தில் டாலாவுக்குப் படகேறினேன். வளைவு வந்ததும் படகு உண்மையாகவே ஒதுங்கி, சற்றுத் தயங்கி, பிறகு கடந்தது. எதிர்க்கரையில் இறங்கியவர்கள் மிதிவண்டி ரிக்‌ஷாக்களில் ஏறி வயல்களுக்கிடையே போய் மறைந்தார்கள். அங்கே நின்று பார்த்தால் ரங்கூன் பனிக்குள் ஒரு நீளமான கரைக்கோடு. ஒருவன் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்திருப்பான். நான் அடுத்த படகிலேயே திரும்பினேன்.

17ஆம் தேதி பிற்பகல் 2.30க்குக் காதர் வீட்டுக் கயிற்று மணி அடித்தது. இழுத்தால் கவ்வியில் வரைபடம் சுருட்டப்பட்டு வந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே மீனாட்சி அண்ணாந்து நின்றிருந்தார். மேலே வாருங்கள் என்று கைகாட்டினேன். ஐம்பத்து நான்கு படியேறி, மூச்சு வாங்க வந்தார்.

"குடுத்துட்டாக சயா. அச்சடிக்கலாம்."

"பின்னே படம் ஏன் திரும்பி வந்தது?"

"படமே வேணாமாம். எந்தப் புஸ்தகத்துலயும் எந்தப் படமும் போடுறதில்லையாம். உங்க கடுதாசி ரொம்ப நல்லாருக்குன்னாக, ஃபைல்ல வச்சிக்கிட்டாக."

காதர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ரெண்டு நாளா ஒரு ஆறையே இழுத்துட்டுத் திரிஞ்சோமே சார்!"

மீனாட்சி சிரித்தார். சிரிப்பு நீடிக்கவில்லை. "எழுத்துல அந்த வளைவு ரெண்டு பக்கம் இருக்கு. படம் இல்லாம ரெண்டு பக்கத்தை வச்சு ஒரு ஆளுக்கு ஆறு தெரிஞ்சுருமா சயா?"

படம் வரைபவனிடம் கேட்கும் கேள்வி. நான் தெரியாது என்றேன். தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாரம் ஒரு பொய்க்குக் கையெழுத்திட்டவன்தான். ஆனால் அந்த இடத்தில் வாய் வரவில்லை. படத்தை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். தன் கடையில் இருப்பது நல்லதில்லை என்றார்.

டிசம்பர் 19, வியாழன். விமானம் பகல் 12.40. காதர் வழியெல்லாம் "யா டே" சொல்லி என்னைக் கொண்டுவந்து விட்டார். அழுதுவிடப் போகிறார் என்று பயந்து, கண்ணைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள் என்றேன். "கண்ணு இருக்கட்டும் சார், 'யா டே' சொல்லிச் சொல்லி ஓஞ்ச வாயைத்தான் அடுத்த தடவை சென்னையில வந்து பாக்கணும்" என்றார்.

சுங்கச் சோதனையில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அதிகாரி என் பையிலிருந்து சுருளை எடுத்துப் பிரித்தார். வரைபடம் என்றதும் முகம் இறுகியது. எந்த இடம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கசிம்பா. ஆப்பிரிக்காவில்."

அவர் படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஏரியையும் மேட்டையும் பீரங்கிகளையும் பார்த்தார். மேசை குறுகலாக இருந்ததால் தாளைக் கால் வட்டம் திருப்பி விரித்தார். அவருடைய விரல் தாளில் மெதுவாக நகர்ந்து, அந்த முக்கால் அங்குல வளைவுக்கு வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"இங்கே படகு போகுமா?" என்று கேட்டார்.

"போகும்."

"முதல் படகு எத்தனை மணிக்கு?"

"காலை ஐந்தரைக்கு."

அவர் தலையசைத்தார். படத்தைத் தானே கவனமாகச் சுருட்டி, தானே நூலைக் கட்டி, இரு கையாலும் என்னிடம் நீட்டினார்.

கொல்கத்தாவில் அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளினேன். அஞ்சலட்டை ஒன்று வாங்கி, எட்டு ரூபாய்க்குத் தபால்தலை ஒட்டினேன். மீனாட்சியின் முகவரியை எழுதினேன். தமிழ் வாசிக்க வராதவர் என்பதால், காதர் வாசித்துச் சொல்லட்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்குக் கீழே இப்படி எழுதினேன்:

"கசிம்பாவில் நான் காட்டாமலே ஒருவர் அந்த வளைவில் விரல் வைத்தார். முன்பின் தெரியாதவர். அவருக்கே தெரிந்தது."